கடலுக்கடியில் கயிறு இழுத்தவன்

இழுக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்த கயிற்றை, கடலுக்கடியில் போய் இழுத்தவன் நான்தான். முதலில் அதை ஒத்துக்கொண்டு விடுகிறேன். ஏன் இழுத்தேன் என்று அன்றைக்கு நாற்பது பேர் கேட்டார்கள். சொல்லவில்லை. இப்போது சொல்லலாம். தடையாக இருந்தவரே போன பொங்கலுக்குத் தடையை நீக்கிவிட்டார்.

எனக்குப் பேச்சு குறைவு. பிறவிக் குணம் பாதி, வேலை மீதி. நெய்வேலி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பக்கத்தில் நிற்கிற வேலை. பெல்ட் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. எல்லாம் கை ஜாடைதான். எட்டு மணி நேரம் ஜாடையில் இருந்துவிட்டு குவாட்டர்ஸுக்கு வந்தால் வாய் உடனே திறக்காது. திறந்தால் "சோறு" என்று ஒரு சொல் வரும். (அதையும் கேள்வி மாதிரி கேட்காமல் உத்தரவு மாதிரி கேட்கிறேனாம். செல்வி சொல்வாள். செல்வி என் மனைவி.)

அந்த வேலையைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பெல்ட்டின் இரண்டு பக்கமும் நீளத்துக்கு ஒரு கயிறு போகும். பெல்ட்டில் நிலக்கரி மட்டும்தான் வர வேண்டும். வேறு ஏதாவது, ஒரு இரும்புத் துண்டு, ஒரு போல்ட், மிஷினிலிருந்து கழன்ற ஒரு பல், வந்தால் அது பெல்ட்டை நீளத்துக்குக் கிழித்துவிடும். அதனால் வரக்கூடாத பொருள் கண்ணில் பட்டால் யோசிக்கக் கூடாது. கயிற்றை இழுக்க வேண்டும். இழுத்தால் மொத்த லைனும் நின்றுவிடும். உடனே போன் வரும். "யார்யா இழுத்தது?" கையில் அந்தப் பொருளை எடுத்து வைத்திருந்தால் முதுகில் தட்டுவார்கள். கை காலியாக இருந்தால் மெமோ.

இதுதான் எனக்குத் தெரிந்த ஒரே சட்டம். கண்ணில் பட்டால் இழு. இழுத்தால் பொருளைக் காட்டு.

இனி என் சகலை. செல்வியின் அக்காள் கமலாவின் புருஷன். பெயர் வெற்றிவேலு. காடாம்புலியூரில் முந்திரி வியாபாரம். நான் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்து அவர் பேசுவார். சாவு வீட்டில் பேசுவார். சாப்பிட்டுக்கொண்டே பேசுவார். எதிரில் ஆள் எழுந்து போனாலும் நாற்காலியைப் பார்த்து மீதியைச் சொல்லி முடிப்பார்.

ஆனால் என் கல்யாணத்துக்கே அவர் பேச்சுதான் காரணம். அதை மறைக்கக் கூடாது. அப்போது நான் கான்ட்ராக்ட். "பர்மனன்ட் ஆவட்டும், பாக்கலாம்" என்று மாமனார் கதவைச் சாத்திவிட்டார். சகலைதான் உள்ளே போய் ஒரு மதியம் முழுக்கப் பேசினார். "பையனுக்குப் பேசத் தெரியாது மாமா. ஆனா பேசத் தெரியாதவன் பொய் பேச மாட்டான் பாருங்க" என்றாராம். மாமனார் களைத்துப்போய் சரி என்றார்.

அந்த உதவிக்கு வட்டி மாதிரி, அடுத்த இருபது வருஷம் ஒவ்வொரு விசேஷத்திலும் என்னை வைத்துச் சிரிக்க வைத்தார். கடைசியாக அவர் பேத்திக்குக் காதுகுத்து. பந்தியில் உட்கார்ந்திருந்தேன். எல்லோர் முன்னாலும் சொன்னார்:

"எங்க சகலைக்கு பெல்ட்டு பக்கத்துல நின்னு நின்னு வாயி துருப்புடிச்சு போச்சுய்யா. எண்ணெ வுட்டாதான் தொறக்கும். யாராவது அவருக்கு ஒரு கரண்டி நெய் வுடுங்க!"

பரிமாறிய ஆள் நிஜமாகவே நெய்யை விட்டான். பந்தியே சிரித்தது. நானும் சாப்பிட்டேன். நெய் நன்றாக இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் செல்வி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். டவுன்ஷிப் ஆர்ச் வருகிற வரைக்கும் அழுதாள். இறங்கும்போது ஒன்று சொன்னாள்:

"ஒரே ஒரு தடவ, அந்த மனுசன் முன்னாடி நீங்க ஜெயிச்சுப் பாக்கணுங்க. ஒரே ஒரு தடவ."

"சரி" என்றேன். எப்படி என்று எனக்கும் தெரியாது.

அந்த வருஷம்தான் எங்கள் பிளாக்கில் சேர்ந்து, கம்பெனி பயணப் பணம் தருகிற எல்.டி.சி. போட்டு அந்தமானுக்குக் கிளம்பினார்கள். எல்லோர் போனிலும் வாட்ஸ்அப் புதிதாக வந்திருந்த நேரம். யாரோ ஒரு வீடியோ அனுப்பினார்கள். ஒரு மனிதன் கண்ணாடி மாட்டிக்கொண்டு, முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு, மீன்களுக்கு நடுவில் மிதக்கிறான். நீச்சல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்வார் என்று கீழே எழுதியிருந்தது. கமலா அக்கா குடும்பமும் கூட வருவதாகச் சொன்னார்கள். சகலை அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு உடனே அறிவித்தார்:

"நான் எறங்குறேன்! சகலை கரையில செருப்பப் பாத்துகினு இருக்கட்டும்."

செல்வி என்னைக் கேட்கவில்லை. என் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

எனக்கு நீச்சல் தெரியாது. அதனால் ஒரு மாதம் பயிற்சி எடுத்தேன். பாத்ரூமில் பக்கெட் நிறையத் தண்ணீர் வைத்து, தலையை உள்ளே விட்டு மூச்சை அடக்குவேன். செல்வி வாசலில் நின்று எண்ணுவாள். நாற்பது வரை போனேன். பக்கத்து குவாட்டர்ஸ் அம்மாள் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "வூட்ல ஏதாவது பிரச்சினையா செல்வி?" என்று ரகசியமாகக் கேட்டாளாம். 

எங்கள் குழுவுக்குத் தலைவர் நடராஜன் சார். ஸ்டோர்ஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். பொருள் எண்ணியே பழகியவர், ஆளையும் அப்படித்தான் எண்ணுவார். கையில் பேடு, கழுத்தில் விசில். விமானத்தில் ஏறினால் "நாற்பது உருப்படி, ஏத்தியாச்சு". இறங்கினால் "நாற்பது உருப்படி, சேதாரம் இல்ல". வாந்தி எடுத்த ஒருவரை மட்டும் "லேசான கசிவு" என்று எழுதிக்கொண்டார்.

சகலை ஒரு முழுப் பலாப்பழத்தைக் கோணியில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். சென்னை விமான நிலையத்தில் அதை மிஷினுக்குள் விட்டார்கள். மூன்று பேர் கூடி திரையைப் பார்த்தார்கள். சகலை அவர்களுக்கு எங்கள் பக்கத்துப் பலாவின் பெருமையைப் பற்றி நீளமாகப் பேசினார். பழத்தை விட்டுவிட்டார்கள். பழத்துக்காக விட்டார்களா, பேச்சுக்குப் பயந்து விட்டார்களா தெரியாது.

ஓய்வெடுப்பது எப்படி என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தமானில் எங்களைத் தங்க வைத்த சின்னத் தீவில் கடல் பச்சையாக இருந்தது. மணல் மாவு மாதிரி இருந்தது. இரண்டு மரத்துக்கு நடுவில் வலைத் தொட்டில் கட்டியிருந்தார்கள், படுத்து ஆடுவதற்கு. எங்கள் பெண்கள் அதில் ஈரப் புடவை காயப் போட்டார்கள். ஆண்கள் விடிவதற்கு முன்னமே ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கு எழுந்த மாதிரி எழுந்து, பல் விளக்கி, குளித்து, கரையில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தோம்.

"அடுத்து என்னா?" என்றார் ஒருவர்.

"இதான்" என்றார் நடராஜன் சார், பேடைப் பார்த்துவிட்டு. "பதினோரு மணி வரைக்கும் ரெஸ்ட்டுன்னு போட்டிருக்கு."

"ரெஸ்ட்டுன்னா?"

"சும்மா இருக்கணும்."

"எவ்ளோ நேரம்யா சும்மா இருக்குறது? சங்கு ஊதுவாங்களா?"

எனக்கு மட்டும் கஷ்டமே இல்லை. சும்மா இருப்பது எனக்குக் கைவந்த கலை.

சகலை முந்திரிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு வரிசையில் நடந்தார். உப்பும் மிளகும் போட்டு வறுத்தது. எல்லோருக்கும் கை நிறையக் கொடுப்பார். தான் மட்டும் ஒன்றுகூட வாயில் போட மாட்டார். யாராவது கேட்டால், "விக்கிறவன் திங்கக் கூடாதுய்யா. தொழில் தர்மம்" என்பார். இருபது வருஷமாக நானும் அதை நம்பினேன்.

டைவிங் ஆபீஸில் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். ஆஸ்துமா உண்டா, இதய நோய் உண்டா, காதில் சீழ் உண்டா என்று வரிசையாகக் கேள்வி. எங்கள் எல்லோருக்கும் நடராஜன் சார்தான் நிரப்பினார். ரகசியமே கிடையாது. உரக்கப் படித்து, உரக்கப் பதில் வாங்கினார்.

"வெற்றிவேலு! கட்டுப் பல் ஏதாவது உண்டா?"

சகலை நெஞ்சை நிமிர்த்தினார். "முப்பத்திரெண்டும் ஒரிஜினல்! கரும்பு கட்டோட கடிச்சு வளந்த பல்லு சார் இது." சிரித்துக் காட்டினார். வரிசை வெள்ளையாகத்தான் இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "சகலைக்கு நாக்கு இருக்கான்னு ஒரு கேள்வி இருந்தா அதையும் நெரப்பிடுங்க" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். செல்வி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். பஸ்ஸில் பார்த்த அதே முகம்.

எனக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவள் மேரி. போர்ட் பிளேரில் பிறந்த தமிழ்ப் பெண். இருபத்தைந்து வயதிருக்கும். கறுத்து, மெலிந்து, கடலில் ஊறிய முடி. சகலைக்கு வேறு ஒரு ஆள். இறங்கப் போகிறவர்கள் மொத்தம் நாலு பேர். எங்கள் குழுவிலிருந்து நாங்கள் இரண்டு பேர், கோயம்புத்தூரிலிருந்து தேனிலவுக்கு வந்த ஒரு ஜோடி.

ரப்பர் உடை கொடுத்தார்கள். சகலையின் வயிற்றை அதற்குள் ஏற்ற இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். ஒருவர் மூச்சை உள்ளே இழுக்கச் சொல்ல, ஒருவர் ஜிப்பை இழுக்க, அந்த நேரத்திலும் அவர் பேச்சு நிற்கவில்லை. பேச்சை நிறுத்தினால் ஜிப் ஏறும் என்று மேரி சொன்னாள். நிறுத்தினார். ஏறியது. உடனே தொடர்ந்தார்.

படகில் எங்களோடு செல்வி, கமலா அக்கா, நடராஜன் சார் மூவரும் வந்தார்கள். படகை நிறுத்தி, நுனியில் எடை கட்டிய ஒரு கயிற்றைக் கடலுக்குள் இறக்கினார்கள்.

மேரி சொன்னாள்: "இந்தக் கயித்தப் பிடிச்சுக்கினு மெதுவா எறங்கணும். இழுக்கக் கூடாது. மேல போட்மேன் பாத்துக்கினு இருப்பாரு. மூணு வாட்டி இழுத்தா ஆபத்துன்னு அர்த்தம். ஹாரன் அடிச்சு எல்லாரையும் மேல ஏத்திடுவோம். புரியுதா அங்கிள்?"

தலையாட்டினேன். மனதுக்குள் நிம்மதி. எங்கள் கயிறுதான். ஊர்தான் வேறே.

"இன்னொன்னு. மூச்ச மட்டும் அடக்கவே கூடாது. அதான் இங்க முதல் ரூல். இழுத்து இழுத்து விட்டுக்கினே இருக்கணும்."

என் ஒரு மாதப் பக்கெட் பயிற்சி அந்த இடத்தில் முடிந்தது. செல்வி வேறு பக்கம் பார்த்தாள்.

மூச்சு விடுகிற குழாயைக் கடித்துக்கொண்டு இறங்கினேன்.

என்ன சொல்வது. கீழே சத்தமே இல்லை. என் மூச்சு மட்டும் கேட்டது. யாரும் எதுவும் கேட்கவில்லை. யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. எல்லாம் ஜாடைதான். விரலை வட்டம் பிடித்தால் நலம். கையை ஆட்டினால் சரியில்லை. இருபது வருஷம் நான் வாழ்ந்த ஊர் மாதிரி இருந்தது. சத்தமும் தூசியும் மட்டும் இல்லை. மஞ்சள் மீன்கள் ஷிப்டு முடிந்து கும்பலாகப் போகிற மாதிரி போயின. ஒரு நீல மீன் என் கண்ணாடிக்கு நேரே நின்று என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் பேச ஒன்றுமில்லை. நல்ல மீன்.

பத்தடி இருபதடி போய் மணல் திட்டில் நின்றோம். என் இடது கை கயிற்றில். மேரி பின்னாலிருந்து சிலிண்டரைப் பிடித்திருந்தாள். கைக்கெட்டும் தூரத்தில் சகலை, அவருடைய ஆளோடு.

அப்போது ஒரு பெரிய மீன் வந்தது. பலகை மாதிரி அகலம், பச்சையும் ஊதாவும் கலந்த நிறம். அது ஒரு பாறையைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. சகலை அதைப் பார்த்தார். அந்த மனிதர் தன் வாழ்க்கையில் எதையும் பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருந்ததில்லை. என் பக்கம் திரும்பி, கையை நீட்டி, வாயைத் திறந்து, "சகலை, அங்க பாருங்க" என்று சொன்னார்.

கேட்கவில்லை. குமிழிதான் வந்தது. குழாய் வாயிலிருந்து நழுவியது. அவருடைய ஆள் ஒரு நொடியில் அதைத் திரும்ப வாயில் வைத்துவிட்டார். அந்த ஒரு நொடியில்தான், குமிழிகளுக்கு நடுவிலிருந்து ஏதோ ஒன்று, இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக, ஆடி ஆடிக் கீழே இறங்கியது.

வரக்கூடாத பொருள்.

நான் யோசிக்கவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை. என் இடது கை தானாகக் கயிற்றை இழுத்தது. வலது கை மணலில் விழுந்ததை எடுத்தது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன.

இழுத்தால் எல்லாம் நிற்க வேண்டும். அதுதான் எனக்குத் தெரிந்த சட்டம். ஆனால் கடல் நிற்கவில்லை. மீன்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. அதனால் இன்னும் பலமாக இழுத்தேன். அப்போதும் நிற்கவில்லை. இன்னும் இழுத்தேன். மூன்று தடவை என்றால் ஆபத்து என்று சொல்லியிருந்தாள். நான் முப்பது தடவையாவது இழுத்திருப்பேன்.

மேலே படகில் அதற்குள் உலகம் அழிந்திருந்தது.

போட்மேன் ஹாரன் அடித்தார். பக்கத்துப் படகும் ஹாரன் அடித்தது. கரையில் எங்கள் ஆட்கள் கடைசியில் சங்கு ஊதிவிட்டார்கள் என்று எழுந்து நின்றார்களாம். பக்கத்துப் படகிலிருந்து இரண்டு பேர் கடலில் குதித்தார்கள். கமலா அக்கா, "அம்மா தாயே, ரெண்டு பேரையும் உசுரோட குடுத்துடு, ரெண்டு பேருக்கும் மொட்டை போடுறேன்" என்று கத்தி வேண்டிக்கொண்டார். நடராஜன் சார் விசில் ஊதினார். எதற்கு ஊதினார் என்று அவருக்கே தெரியாது.

மெதுவாக எங்களை மேலே ஏற்றினார்கள். படகில் உட்கார வைத்தார்கள். கோயம்புத்தூர் ஜோடி, மீனைப் பார்த்தும் பாராமலும் ஏறி வந்த கோபத்தில் என்னை முறைத்தது.

நடராஜன் சார் எண்ணினார். "நாலு அனுப்பினோம். நாலு வந்தாச்சு." பேடை மூடினார். "யார் இழுத்தது?"

அந்தக் கேள்வியை என் வாழ்க்கையில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

"நான்தான்" என்றேன்.

"ஏன்?"

கையில் பொருள் இருந்தது. திறந்து காட்டினால் போதும். மேல்வரிசைப் பல் நாலு, ஈறோடு. கொக்கி கூட இருந்தது. உள்ளங்கையில் குத்தியது.

சகலையைப் பார்த்தேன். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை இல்லை. படகில் இவ்வளவு களேபரம் நடக்கிறது, பேசுவதற்கு இவ்வளவு விஷயம் இருக்கிறது, அந்த மனிதர் பேசவில்லை. கண் மட்டும் என் மூடிய கையைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. இருபது வருஷத்தில் அவர் என்னிடம் வாய் திறக்காமல் கேட்டது அது ஒன்றுதான்.

அந்தப் பக்கம் செல்வி நின்றாள். ஒரே ஒரு தடவை ஜெயிக்கச் சொன்னவள். ஜெயிப்பது என் கைக்குள் இருந்தது. விரலை விரித்தால் முடிந்தது.

எனக்கு மாமனார் வீட்டுக் கதவு ஞாபகம் வந்தது. உள்ளே ஒரு மதியம் முழுக்கக் கேட்ட குரல் ஞாபகம் வந்தது. நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன்.

"சும்மா" என்றேன். கையை இன்னும் இறுக்கி மூடினேன்.

"சும்மாவா!" என்றது கோயம்புத்தூர்.

"பயந்துட்டாரு" என்றார் நடராஜன் சார், மெமோ எழுதுகிற குரலில்.

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

போட்மேன் டீ கொடுத்தார். இடது கையால் வாங்கினேன். கமலா அக்காவின் கண்ணில் அது பட்டது.

"தம்பி, ஏன் அந்தக் கைய மடக்கிகினே இருக்கீங்க?"

கையை மடிக்குள் வைத்துக்கொண்டேன்.

"ஐயோ செல்வி! கை இழுத்துகிச்சுடி! பயத்துல வாதம் வந்துடுச்சு!"

இரண்டு பேரும் என் மேல் விழுந்தார்கள். கமலா அக்கா பையிலிருந்து தைலத்தை எடுத்துத் தேய்த்தார். செல்வி விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தாள். நான் விடவில்லை. எவ்வளவுக்கு எவ்வளவு இறுக்கினேனோ அவ்வளவுக்கு அவ்வளவு வாதம் உறுதியானது. "கல்லு மாதிரி ஆயிடுச்சு பாரு" என்று செல்வி அழ ஆரம்பித்தாள்.

சகலையின் முந்திரிப் பொட்டலம் பக்கத்தில் கிடந்தது. அதைப் பார்த்ததும் வழி கிடைத்தது. "பசி" என்றேன். மடக்கிய கையை அப்படியே பொட்டலத்துக்குள் விட்டேன். உள்ளே திறந்தேன். வெளியே எடுத்தேன். விரல்களை விரித்துக் காட்டினேன். தைலமும் முந்திரித் தூளும்.

"சரியாப் போச்சு!" என்று கமலா அக்கா கடலைப் பார்த்துக் கும்பிட்டார்.

பொட்டலத்தைச் சகலையிடம் நீட்டுவதற்குள் நடராஜன் சார் நடுவில் கையை நீட்டினார். "எனக்கும் ஒரு கை குடுங்க. படபடப்பா இருக்கு."

"அது சகலைக்கு!" என்று கத்தினேன்.

நான் கத்தி யாரும் கேட்டதில்லை. நானே கேட்டதில்லை.  நடராஜன் சார் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

சகலை பொட்டலத்தை வாங்கினார். உள்ளே கையை விட்டார். துழாவினார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், அதை எந்த மீனிடமும் நான் பார்க்கவில்லை. கடல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். வாந்தி எடுப்பவர் மாதிரி குனிந்தார். நிமிர்ந்தார். திரும்பினார். வரிசை வெள்ளையாக இருந்தது. உதட்டில் கொஞ்சம் மிளகு ஒட்டியிருந்தது.

முதல் வார்த்தை இதுதான்:

"பாத்தீங்களா கூத்த! எங்க சகலை கடலுக்குள்ள போயி ரயில்ல செயினப் புடிச்சு இழுக்குற மாரி இழுத்துட்டாருய்யா!"

(நன்றி என்று ஒரு சொல் உண்டு. அந்த நாலு பல்லுக்குள் அது சிக்கிக்கொண்டிருக்கும்.)

எல்லோரும் சிரித்தார்கள். கோயம்புத்தூர் ஜோடியும் சிரித்தது. சகலை எழுந்து நின்று நடித்துக் காட்டினார். நான் டீயைக் குடித்தேன்.

மேரி அதுவரை சிலிண்டர்களில் காற்றின் அளவு காட்டுகிற முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் வந்து குனிந்து, உடையைச் சரி செய்கிற மாதிரி, காதோரம் சொன்னாள்:

"நான் பின்னாடிதான் இருந்தேன் அங்கிள். பாத்தேன்."

பிறகு நிமிர்ந்து, படகு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"இவரு சிலிண்டர்ல காத்து அப்படியே இருக்கு. இவ்ளோ கம்மியா மூச்சு எடுத்த ஆள நான் பாத்ததில்ல. பயந்தவங்க காத்து சீக்கிரம் தீந்துடும். இவரு பயப்படல." சகலையின் முள்ளைத் தட்டினாள். "இதுல பாதிகூட இல்ல. அங்கிள், மறுபடி எறங்குறீங்களா? மத்தவங்களும் வாங்க. டைம் இருக்கு."

கோயம்புத்தூர் ஜோடி உடனே எழுந்தது. சகலை தன் வாயை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"எனக்குக் காது அடைக்குது" என்றார். "சகலை போவட்டும்."

செல்வி தலையைத் தூக்கினாள். "மறுபடியுமாங்க?"

"போறேன்."

"கயித்த?"

"தொட மாட்டேன்."

தொடவில்லை. இறங்கும்போதே இரண்டு கையையும் நெஞ்சில் கட்டிக்கொண்டேன். மேரி பின்னால் பிடித்திருக்க, மணல் திட்டைத் தாண்டி, பாறைகளைத் தாண்டிப் போனோம். அந்த நீல மீனோ, அதன் பங்காளியோ, மறுபடி வந்து பார்த்தது. ஒரு ஆமை வந்தது. அவசரமே இல்லாத ஆமை. என் பக்கத்திலேயே கொஞ்ச தூரம் வந்தது. இரண்டு பேரும் ஷிப்டு முடிந்து சைக்கிளில் போகிறவர்கள் மாதிரி பேசாமல் போனோம். ஓய்வு என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கரையில் இருந்தவர்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

கோயம்புத்தூர் ஜோடி காற்று தீர்ந்து ஏறிவிட்டது. நான் ஏறவில்லை. கடைசியில் மேரிதான் கட்டைவிரலை மேலே காட்டினாள். ஏறினேன்.

படகு நுனியில் செல்வி நின்றாள். கையை நெற்றிக்கு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் தலை வெளியே வந்ததும் கத்தினாள். யாரைப் பார்த்துக் கத்தினாள் என்று நினைக்கிறீர்கள்? சகலையைப் பார்த்து.

"மாமா! எங்க வூட்டுக்காரரு எவ்ளோ நேரம் இருந்தாரு பாத்தீங்களா? எல்லாரும் ஏறிட்டாங்க மாமா! அவரு ஒத்த ஆளு இருந்தாரு!"

சகலை தலையாட்டினார். வாய் திறக்கவில்லை. நடராஜன் சார் பேடில் எழுதி, எழுதியதைப் படித்தார்: "ஒரு உருப்படி. தாமதமா திரும்பியது. நல்ல நிலையில்."

பந்தியில் விட்ட நெய்யைவிட அது நன்றாக இருந்தது.

ஊருக்கு வந்து இரண்டு பேருக்கும் மொட்டை அடித்தார்கள். அம்மனிடம் கமலா அக்கா சொல்லிவிட்டாரே. மொட்டையோடு ஷிப்டுக்குப் போனேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. சகலை சொன்ன கதை எங்களுக்கு முன்னால் வாட்ஸ்அப்பில் போய்ச் சேர்ந்திருந்தது.

அதற்கப்புறம் எந்த விசேஷம் என்றாலும் அந்தக் கயிற்றுக் கதைதான். சகலை சொல்வார். வருஷத்துக்கு வருஷம் நான் இழுத்த கணக்கு ஏறிக்கொண்டே போனது. ஒரு கல்யாணத்தில் படகையே கவிழ்த்துவிட்டேன். பிள்ளைகள் என்னைப் பார்த்தால் கையை மடக்கிக் காட்டிச் சிரிப்பார்கள், பயத்தில் கை மடங்கிப்போன சித்தப்பா என்று. நானும் பதிலுக்குக் கையை மடக்கிக் காட்டுவேன். அவர்களைப் பார்த்து இல்லை. சகலையைப் பார்த்து. அவர் பேச்சு பாதியில் நின்றுவிடும். "சரி சரி, எல போடுங்கப்பா" என்பார். ஏன் நிற்கிறது என்று யாருக்கும் புரியாது. தம்பி மேல் இரக்கம் என்று கமலா அக்கா நினைத்துக்கொண்டார்.

போன பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். இப்போது அவருக்கு ஒரு பல்லும் சொந்தமில்லை. முழு செட். ஒளிக்கிற காலமெல்லாம் போய்விட்டது. காது குத்தின அந்தப் பேத்திக்கே இப்போது பள்ளிக்கூட வயது. அவள் கேட்டாள் என்று செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுக் காட்டினார். போட்டுவிட்டு, அந்தப் பொக்கை வாயாலேயே, அந்தமான் கதையை முழுசாகச் சொல்லிவிட்டார். பல் விழுந்தது, நான் எடுத்தது, முந்திரிப் பொட்டலம், எல்லாம். கடைசியில் ஒன்று சேர்த்துக்கொண்டார்:

"நானாதான் பல்ல வுட்டேன். சகலைக்கு ஒரு சான்ஸு குடுக்கலாம்னு."

வீடே சிரித்தது. செல்வி சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது அதே பஸ். அவள் ஜன்னல் பக்கம். பஸ் ஊரைத் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"அத்தன வருசம் ஏங்க சொல்லல? எங்கிட்டக்கூட."

"நீ கேக்கல."

"கேக்கலையா! வெரல ஒவ்வொண்ணாப் பிரிச்சேனே!"

அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. முன்சீட்டுக் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தாள். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். டவுன்ஷிப் ஆர்ச் வருகிற வரைக்கும் சிரித்தாள்.

இப்போது எங்கள் வீட்டில் நான் எதற்காவது பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தால், அவள் ஏன் என்று கேட்பதில்லை. எதிரில் வந்து நின்று, "கையத் தொறங்க" என்பாள்.

திறந்து காட்டுவேன். ஒன்றும் இருக்காது. அவள் நம்ப மாட்டாள்.